மேலகரத்தில் இறங்காத வியாழக்கிழமைகள்

தென்காசி,
ஆனி 12, வெள்ளி.

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் தொப்பை எங்கள் இருவரையும்விடச் சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் கவின் பயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், முக்கியமாக ஒன்றுக்கும் அவசரமில்லாமல் இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்க, தாள் எதற்கு என்பாய். போனில் பேசினால் ஒரு கையால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு மறு கையால் மெயில் தட்டிக்கொண்டே கேட்கிறாய், கடிதம் என்றால் இரண்டு கையும் வேண்டும் பார்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. கோயில் வாசலில் கோபுரக் காற்று நேற்று என் வேட்டியோடு கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது, பார்த்தவர்களிடம் பேசி முடித்துவிட்டேன். எதிர்வீட்டு இசக்கிமணி தன் மூன்று வயது மகளை மூளை வளர்ச்சி வகுப்பில் சேர்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். பிள்ளை அங்கே என்ன செய்கிறது என்று விசாரித்தேன், தூங்குகிறதாம். மூளையுள்ள பிள்ளைதான்.

ஆடியில் நீங்கள் வந்து இருக்கப்போகும் பதினாலு நாளுக்கும் நீ அனுப்பிய அட்டவணை கிடைத்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஆறு மணிக்கு யோகா, ஏழுக்குக் கவினுக்குத் தமிழ் எழுத்து, பத்துக்கு ஐந்தருவி, பதினொன்றே காலுக்குப் பழைய குற்றாலம். இரண்டாவது சனிக்கிழமை நாலு முதல் நாலரை வரை, தாத்தாவோடு சும்மா இருத்தல். அரை மணி நேரம் எனக்குப் போதாதும்மா, சும்மா இருக்கத் தயாராவதற்கே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சிரித்தது போதும். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என்னை விடமாட்டேன் என்கிறது. கவின் உன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “அம்மா, இன்னைக்கு நீ எனக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டானாம். சொல்லும்போதே அழுதுவிட்டாய். “எல்லாம் அவனுக்காகத்தானப்பா பண்ணுதேன், என்ன தப்பு பண்ணுதேன்?” என்றாய். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஆனால் அதைச் சொல்ல என் பழைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் உன்னை இந்தி, அபாகஸ், கீபோர்டு, கராத்தே, டான்ஸ் என்று ஐந்து வகுப்பில் சேர்த்தது நான். வாரத்துக்கு ஏழு நாள்தான் வைத்தான் என்று ஆண்டவன்மேல் வருத்தப்பட்டவனும் நான். அப்போது இந்தத் தெருவுக்கு நான்தான் இசக்கிமணி. வியாழக்கிழமை மேலகரத்தில் டான்ஸ், குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் நான்தான் கூட்டிப்போவேன். இப்படி ஒரு ஆனி மாதம், பஸ் ஜன்னலின் தகரம் இறங்க மறுத்துவிட்டது, சாரல் முகத்தில் வந்து வந்து தடவியது, நீ என் தோளில் சாய்ந்தாய், நான் உன் தலைமேல் சாய்ந்தேன். கண் விழித்தால் குற்றாலம். கண்டக்டர் சங்கிலிப்பாண்டி இடுப்பில் கை வைத்து நிற்கிறார். “அண்ணாச்சி, மேலகரத்துல மூணு தடவ விசிலடிச்சேன். அப்பாவும் மவளும் மூட்ட கணக்கால்லா கெடக்கிய!”

திரும்பிப் போனாலும் வகுப்பு முடிந்திருக்கும். சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அருவிக்கு எதிரே உட்கார்ந்தோம். மலை பாதிக்குமேல் இல்லை, மேகம் எடுத்துப் போயிருந்தது. அருவி எங்கே முடிகிறது, சாரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. நீ ரம்புட்டான் பழத் தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் எதுவும் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தாலும் அந்த இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. நேரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

குற்றம் இனிமேல்தான். அடுத்த வியாழக்கிழமை நான் தூங்கவில்லை. மேலகரத்தில் விசில் கேட்டது, ஒற்றைக் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாய், மறுபடி மூடிக்கொண்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து சங்கிலிப்பாண்டி விசிலடிப்பதையே விட்டுவிட்டார். இப்படி ஆறு வியாழக்கிழமை. டான்ஸ் டீச்சரிடம் உனக்குக் காய்ச்சல் என்றேன். ஈரத் தலையோடு வந்த நம்மைப் பார்த்து அம்மா, “டான்ஸ் கிளாஸுக்குள்ள அருவியா கொட்டுது?” என்றாள். வியர்வை என்றேன். துண்டை நீட்டினாள்.

போன தீபாவளிக்கு வீடியோவில், சின்ன வயசில் உனக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேனே, இந்தி சர்டிபிகேட்டைச் சொல்லுவாய் என்று மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தேன். “பஸ்ஸுல உங்க தோளுல தூங்குனதுதாம்ப்பா” என்றாய். ஐந்து வகுப்புக்கு நான் ஓடியது ஒன்றும் உன்னிடம் தங்கவில்லை, கடமை தவறி உட்கார்ந்திருந்த ஆறு சாயங்காலம் தங்கியிருக்கிறது. நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். நீ தப்புப் பண்ணவில்லை, கொஞ்சம் அதிகமாகப் பண்ணுகிறாய். வேலையை விடச் சொல்லவில்லை, கவினின் வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவை. எத்தனை மணிக்கு என்று அவன் கேட்டால் மணியைச் சொல்லாதே, மடியைக் காட்டு.

உன் அட்டவணையில் பதிமூன்று நாளை அடித்துவிட்டேன், பேனா அம்மாவுடையது. யோகாவை அடிக்கும்போது என் கை கொஞ்சம் வேகமாகத்தான் போனது. மிச்சம் ஒரு வியாழக்கிழமை. நீ, நான், கவின், மூன்று பேரும் பஸ்ஸில் போகிறோம்.

இன்னொன்று. அந்த ஆறாவது வியாழக்கிழமை நான் ஒற்றைக் கண்ணைத் திறந்தபோது உன் இமை லேசாக ஆடியது, உதட்டோரம் ஒரு சிரிப்பும் இருந்தது. சாரல் பட்டிருக்கும் என்று இருபது வருஷத்துக்கு மேலாக நம்பிவருகிறேன். நிஜத்தைச் சொல்லிவிடாதே.

குழந்தையும் நீங்களும் நிறைந்த ஆயுளோடு, நிறைந்த தூக்கத்தோடு இருங்கள். அம்மாவின் ஆசியும் இதில் அடக்கம். மறக்காமல் ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி. ஜன்னலோரம் கவினுக்கு. மேலகரம் வரும்போது அவனுக்கும் கண்ணை மூடக் கற்றுக்கொடு.

ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்துக் காத்திருக்கும்
அப்பா,
பலவேசம்.