ஹார்லன் சொன்ன பதில்

செப்டம்பர் 14, 1988. அல்மா-அட்டா

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இறந்தகாலம் நடத்தினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் என் கணவன் வதீம் ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருக்கிறான். செயற்கைக் கால் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து அவன் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. மார்ச்சுக்குப் பிறகு நாலு மாடி இறங்கவே இல்லை. தூக்கத்தில் கத்துகிறான். எழுப்பப் போனால் அடிக்கக் கை ஓங்குகிறான், நான் யாரென்று தெரியாமல்.

கரகந்தாவிலிருந்து அக்கா மறுபடி போன் செய்தாள். "எங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர் இடம் காலியாவே இருக்குடி. வந்துடு. முப்பது வயசுல இப்படி அழிஞ்சு போகணுமா?" இந்தக் குளிர்காலம் போகட்டும் என்றேன். போனால் என்ன ஆகுமாம்? எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 20

நகர இளைஞர் கழகச் செயலாளர் தோழர் லுகின் பள்ளிக்கே வந்துவிட்டார். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கர்கள் மூன்று பேர் வருகிறார்களாம், ஆப்கன் போரிலிருந்து திரும்பிய நம் பையன்களைப் பார்க்க. நான் மொழிபெயர்க்க வேண்டும். வதீமையும் அழைத்துவர வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ரெண்டு போரும் ஒண்ணுதான்னு யாராவது பேச ஆரம்பிச்சா அதை மொழிபெயர்க்காதீங்க. அவங்க ஆக்கிரமிக்கப் போனவங்க. நாம உதவிக்குப் போனவங்க."

வதீமிடம் சொன்னேன். வெகுநாள் கழித்துச் சிரித்தான். "உதவியா? நாங்க தெருவுல நடந்தா கடைக்காரன் கதவை இழுத்துச் சாத்துவான். அவ்ளோ நன்றி அவனுக்கு."

செப்டம்பர் 21

வரமாட்டானாம்.

செப்டம்பர் 27

வருகிறானாம். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவான்.

அக்டோபர் 2

நள்ளிரவு தாண்டிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஊன்றுகோல்களோடு படியிறங்கினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று என்னை முறைத்தான், படிகளைக் கட்டியதே நான்தான் என்பதுபோல.

லுகின் நன்றாகவே ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டிறைச்சிப் புலாவ், ஆப்பிள், மேசைக்கு மேசை தேநீர்க் கெண்டி. அரசு விருந்தில் மது கூடாது என்பது இப்போது சட்டம். அதனால் வோட்கா கெண்டிக்குள் இருந்தது. எல்லோரும் தேநீர்க் கோப்பையில் மரியாதையாக அருந்தினோம்.

அமெரிக்கர்களில் ஹார்லன் என்பவர் எங்கள் மேசை. நாற்பது வயதிருக்கும், பருத்த ஆள், வெகுளி. வீட்டுக்குள் விசிலடிக்காதீர்கள், வாசற்படியில் நின்று கைகுலுக்காதீர்கள் என்று எல்லாம் சொல்லி வைத்தேன். ஒன்றைச் சொல்லவில்லை. அதையும் ஒருவருக்குச் சொல்லித் தரவேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது கோப்பை செத்துப்போனவர்களுக்கு. எழுந்து நின்று பேசாமல் குடிக்க வேண்டும். கோப்பையோடு கோப்பை தட்டக் கூடாது.

எல்லோரும் எழுந்தார்கள். ஹார்லன் உட்கார்ந்தபடியே பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையை நீட்டி, வதீமின் கோப்பையில் டங்கென்று தட்டினார்.

வதீம் கோப்பையைக் கீழே வைத்தான். "இவன் யாரையாவது புதைச்சிருக்கானான்னு கேளு. அப்புறம் தட்டட்டும்."

நான் அதைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லி, விஷயத்தை விளக்கினேன். ஹார்லனின் முகம் சிவந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அப்போதுதான் பார்த்தோம், அவருக்கும் இடது கால் பொய்க்கால்.

"எங்க ஊர்ல எங்க பசங்களுக்காக யாரும் கோப்பை தூக்கினதில்லைம்மா. அதான் தெரியலை. இன்னொரு தடவை ஊத்துவீங்களா?"

வதீமே ஊற்றினான். நின்று குடித்தார்கள்.

பிறகு பேச்சு தானாக வந்தது. வதீமின் ஹெலிகாப்டரை வீழ்த்தியது அமெரிக்க ஏவுகணை. ஹார்லன் காலை எடுத்தது சோவியத் ராக்கெட்.

"என் காலை உங்க ஊர் சரக்கு எடுத்துச்சு, உன் காலை எங்க ஊர் சரக்கு. நேரா ஒரு தடவை சண்டை போட்டிருந்தா செலவாவது மிச்சமாயிருக்கும்" என்றான் வதீம். மொழிபெயர்த்தேன். ஹார்லன் மேசையைத் தட்டிச் சிரித்தார். லுகின் இருமினார்.

நோயாளிகள் இருவர் வியாதியைச் சொல்லிப் போட்டி போடுவதுபோல இருந்தது. பகலில் சாலை நம்முடையது, இருட்டினால் அவர்களுடையது. அங்கேயும் அப்படித்தானாம். ஆட்களைச் சாகக் கொடுத்து ஒரு குன்றைப் பிடிப்பது, விட்டுவிட்டு வருவது, அடுத்த மாதம் அதே குன்றுக்கு மறுபடி ஏறுவது. அதுவும் அப்படியே. ஒன்றில்தான் வித்தியாசம்.

"எங்க போரை தினமும் டிவில காட்டினாங்க. எங்கம்மா சாப்பிட்டுக்கிட்டே பார்த்தாங்க" என்றார் ஹார்லன்.

"எங்கம்மாவுக்கு நான் அங்க மரம் நடுறேன்னு எழுதினேன். பத்திரிகையிலயும் அப்படித்தான் போட்டான்."

லுகின் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை.

இதையும் குறித்துவைக்கிறேன்: வியட்நாம்காரர்களுக்கு என்ன ஆயிற்று, ஆப்கானியர்களுக்கு என்ன ஆயிற்று என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கிளம்பும் நேரத்தில் வதீம் சொன்னான்: "இவரு போர்லேருந்து வந்து இருபது வருஷம் ஆச்சில்ல? ராத்திரி வர்றது எப்ப நிக்கும்னு கேளு."

கேட்டேன். ஹார்லன் கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகத் தலையாட்டினார். "நிக்காது. அதுக்கும் வீட்டுல ஒரு இடம் விட்டுடணும். அவ்வளவுதான்."

வதீம் என் பக்கம் திரும்பினான். பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளையின் முகம் அது.

"பத்து வருஷம் ஆகுமாம். அப்புறம் நின்னுடுமாம்" என்றேன்.

அக்டோபர் 3

மொழிபெயர்க்காதே என்று லுகின் காலை மிதித்தார், நிறுத்தவில்லை. யாருமே கேட்காத இடத்தில் மாற்றினேன். நீ என்ன மொழிபெயர்ப்பாளர், ஜன்னா? அவன் தாங்கமாட்டான் என்றா? இல்லை, எனக்குத்தான் தாங்கவில்லையா?

அக்டோபர் 19

கட்டிலுக்கடியிலிருந்து காலை எடுத்தான். கம்பளித் துணி வைத்துத் தைத்தான், சுத்தியலால் தட்டினான், செய்த தொழிற்சாலையின் ஏழு தலைமுறையைத் திட்டினான். மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஏறினான்.

டிசம்பர் 11

நேற்றும் கத்தினான். விளக்கைப் போட்டதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் திரும்பி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இன்னும் எட்டு வருஷம்தானே" என்றான். எட்டு வருடம் முடிந்தபின் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பிப்ரவரி 15, 1989

நம் படையின் கடைசி வண்டிகள் ஆப்கன் எல்லைப் பாலத்தைக் கடந்துவிட்டன. தொலைக்காட்சியில் பூங்கொத்துகள், வாத்தியம். வதீம் ஆப்பிளைத் தோல்சீவிக்கொண்டே பார்த்தான். அறிவிப்பாளர் 'கடமை முடிந்தது' என்றதும் அணைத்துவிட்டான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "வதீம், ஹார்லன் பத்து வருஷம்னு சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆளு இல்லைன்னு தலையை ஆட்டிட்டான். அதுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியணுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு மாசமாக நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். "அப்புறம் எதுக்கு எட்டு வருஷம், எட்டு வருஷம்னு உயிரை வாங்கின?"

ஆப்பிளில் பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினான்.

"உங்கக்கா போன்ல கூப்பிடறது பக்கத்து வீட்டுக்கே கேக்கும். நீ கரகந்தா போயிடுவேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ பத்து வருஷம்னு சொன்ன. கூடவே இருக்கப் போறவதான் அப்படிச் சொல்லுவான்னு தோணுச்சு."

பிப்ரவரி 16

வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினாள்.