பூஜையில் வைத்த இன்வெர்ட்டர்

செப்டம்பர் 8, 2002, ஞாயிறு

இன்று வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வந்தது. டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. கார் பேட்டரியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கவ்விகளை மாட்டினால் வீட்டு கரண்ட் மாதிரியே வருமாம். எங்கள் காக்ஸ் டவுனில் தினமும் சாயங்காலம் மின்வெட்டு, எனக்கோ ஆஸ்துமா. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் கரண்ட் இல்லாமல் ஓடாது. "உனக்காகத்தான் வாங்கினேன் வித்யா" என்றார் இவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசடு, அசடு.

மாட்டிக் கொடுத்தது ஜீவனஹள்ளி பேட்டரி கடை நாகேஷ். கன்னடம் கலந்த தமிழ். "சார், ஸொல்ப, கொஞ்சம் கேளுங்க. முந்நூறு வாட்ஸ்தான் தாங்கும். இஸ்திரி பெட்டி, கீசர், மிக்ஸி கூடவே கூடாது. பின்னால ஃபேன் இருக்குது பாருங்க, காத்து போற ஓட்டை. அத மட்டும் மூடிடாதீங்க."

இவர் தலையாட்டினார். அரசாங்கத்தில் செக்‌ஷன் ஆபீசர். தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 10

சுவரில் சுற்றறிக்கை ஒட்டியாயிற்று. 'இன்வெர்ட்டர் உபயோகம் தொடர்பாக.' பதினான்கு அம்சங்கள். முதலாவது டி.வி. இரண்டாவது ஹால் விளக்கு. பதினான்காவது: 'நெபுலைசர் (தேவைப்படின்)'.

மூச்சு, தேவைப்படின்!

செப்டம்பர் 19

மேட்ச். தெருவே இருட்டு, எங்கள் வீட்டில் மட்டும் டி.வி. ஹாலில் பதினோரு பேர். இன்வெர்ட்டரின் புகழ் பாடியது இவர், காபி ஆற்றியது நான். ஏழரைக்குப் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. பேட்டரி காலி.

"இப்போ எனக்கு இழுப்பு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வரலையே" என்றார்.

செப்டம்பர் 23

இஸ்திரிப் பெட்டியை மாட்டிப் பார்த்திருக்கிறார். ஃபியூஸ் போயிற்று. இஸ்திரிப் பெட்டி சரியில்லையாம்.

அக்டோபர் 6

மாடியில் குடியிருக்கும் பெர்னதெத் ஆஸ்பத்திரி நர்ஸ். படியில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "ஆண்ட்டி, கரண்ட் போன டைம்ல நெபுலைசர் அதுல ஓடுதான்னு ஒரு வாட்டியாவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இவரிடம் சொன்னேன். "ஓடாம எங்க போகும்?" என்றார். ஃபைல் மூடப்பட்டது.

அக்டோபர் 14, ஆயுத பூஜை, மத்தியானம்

ஸ்கூட்டருக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு, அரிவாள்மணைக்குப் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. இந்த வருஷம் பூஜையில் முதல் மரியாதை இன்வெர்ட்டருக்கு. மணை போட்டு, பேட்டரியோடு உட்கார்த்தி, முன்னால் மூன்று பொட்டு. அது போதாதென்று பின்பக்கம் முழுக்கச் சந்தனம் அப்பினார். மேலே பட்டுத் துண்டு, அதற்கும் மேலே நாலு முழம் சேவந்தி. கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்கள்.

"இன்னிக்கு எல்லா ஆயுதத்துக்கும் ரெஸ்ட். நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான் தொடணும்" என்று அறிவித்தார். எனக்கு மட்டும் ரெஸ்ட் இல்லை, சுண்டல் கிண்டப் போகிறேன்.

அக்டோபர் 15

எழுதிவிட வேண்டும்.

நேற்று ஆறரை மணி. தெருவெங்கும் சாம்பிராணிப் புகை, கரண்டும் போயிற்று. இழுப்பு ஆரம்பித்தது. வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப்பு இரண்டு தடவை — கேட்கவில்லை. நெபுலைசரைக் காட்டினேன். இவர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். நிறுத்தினார்.

"பூஜையில வச்சதாச்சே வித்யா… கரண்ட் இப்ப வந்துடும். செத்த பொறுத்துக்கோயேன்."

பொறுத்துக்கணுமாம்! எதை வச்சுப் பொறுத்துக்கறது? திட்டக்கூட மூச்சில்லை எனக்கு. சுண்டல் தாம்பாளத்தை ஓங்கித் தரையில் தட்டினேன். திரும்பத் திரும்பத் தட்டினேன்.

பெர்னதெத் ஓடி வந்தாள். "அங்கிள், ஏன் இன்னும் போடல?"

இவர் கற்பூரம் ஏற்றி, இன்வெர்ட்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு — ஆமாம், இன்வெர்ட்டரிடம் — அலங்காரம் கலையாமல் சுவிட்சைப் போட்டார். டி.வி.யும் அதிலேயே மாட்டியிருந்தது. இரண்டு நிமிஷம் ஓடியது. சந்தனம் தீய்ந்த வாசனை. அலறிவிட்டு நின்றது.

"கற்பூரத்த அணைங்க அங்கிள்! பேட்டரிகிட்ட நெருப்பா? கவ்விய கழட்டுங்க. டி.வி. பிளக்க புடுங்குங்க." துண்டையும் பூவையும் ஒரே இழுப்பில் எறிந்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைத் தோண்டினாள். "சூடு ஆறணும். விசிறுங்க."

அந்த ஐந்து நிமிஷத்தில் செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது. இவர் தரையில் மண்டியிட்டுப் பஞ்சாங்கத்தால் பெட்டியை விசிறிக்கொண்டிருந்தார். உதடு கோணிக்கொண்டிருந்தது.

கவ்வியைத் திரும்ப மாட்டியதும் ஓடியது. நெபுலைசர் மட்டும்.

அக்டோபர் 17

திருத்தப்பட்ட சுற்றறிக்கை. நெபுலைசர் முதல் அம்சம், மற்ற பதின்மூன்றும் ரத்து. 'இது உடனடியாக அமலுக்கு வருகிறது.' வருத்தம் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். எந்த அம்சத்திலும் இல்லை.

அக்டோபர் 20

மைசூரில் இருக்கும் தன் அக்கா ஜகதாம்பாளிடம் போனில் சொல்கிறார்: "எல்லாம் ஆயுத பூஜை பலன்க்கா. மிஷின் சரியான நேரத்துல கைகொடுத்தது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ராத்திரி ரசத்தில் உப்புப் போடவில்லை. கேட்காமல் சாப்பிட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

நாத்தனார் ஜகதாம்பாள் மைசூரிலிருந்து வந்தார். உட்கார்ந்ததும் அதே பேச்சு. "பாத்தியா வித்யா, அவன் சிரத்தையா பூஜை பண்ணினதுதான் உன் உசிரைக் காப்பாத்தித்து."

இவரையே பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"இல்லக்கா" என்றார். "காத்து போற ஓட்டைய நான்தான் சந்தனம் அப்பி மூடினேன். இவ மூச்சுக்குத் தவிக்கறச்சே பூஜையில வச்சதுன்னு யோசிச்சிண்டு நின்னேன். மாடி பொண்ணு வரலேன்னா இவ இல்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்புக்கு முன்னால் 'நான்தான்' என்று இவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

காபி போட எழுந்தேன். "இரு, நான் போடறேன்" என்று உள்ளே போனார்.

காபி மகா கேவலம். முழு டம்ளரையும் குடித்தேன்.