முற்றத்தில் கிடந்த நாற்காலி

அன்பான மாப்ள பரமசிவம்,

நீ கண்ணை மூடிய பிறகும் நம் ஞாயிறு காலை நடையை நான் நிறுத்தவில்லை. பழைய மதுரையைப் பார்க்க வருகிறவர்களை மாசி வீதிகளில் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் உன் வீட்டுக்குத்தான் கூட்டிப் போகிறேன். தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். நீ விட்ட இடத்திலிருந்து நான் கதை அளக்கிறேன். உன் சரோஜா முகம் கோணாமல் எல்லோருக்கும் காபி கொடுக்கிறாள்.

போன வாரம் பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணினார். உன் வீட்டில் தூண்கள் நிற்கிற பட்டாசாலைத் தரையை உடைக்கக் கொத்தனார் வந்திருக்கிறாராம். தல்லாகுளத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். "அவன் இருந்தா இது நடக்குமா?" என்று கொத்தனார் முன்னாலேயே அவளிடம் கத்தினேன்.

சரோஜா குரலை உயர்த்தவில்லை. "சரிண்ணே, உடைக்க வேணாம். கொல்லைக் கக்கூசுக்கு நடக்க முடியல. உள்ள எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு மூட்டுவலி என்று எனக்குத் தெரியும். கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருப்பதும் தெரியும். இரண்டையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை, மாப்ள.

முற்றத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பேச்சை மாற்ற, அது எதற்கு வெயிலில் என்று கேட்டேன்.

"பாதி வழியில உக்காந்து போகத்தாண்ணே. ஞாயித்துக்கிழமை மட்டும் காணாமப் போயிரும், அம்புட்டுதான்."

காணாமல் செய்தது நான்தான். வருகிறவர்கள் எடுக்கும் படத்தில் விழுகிறதென்று தூக்கிக் கொல்லைச் சுவரோரம் வைப்பேன். ஒருநாளும் திரும்ப எடுத்துப் போட்டதில்லை. நாங்கள் கிளம்பிய பிறகு அவள் எப்படி நடந்துபோய் எடுத்து வந்திருப்பாள்? உன் காலத்திலும் அந்த நாற்காலி இருந்ததா? அது எதற்கென்று நீயாவது கேட்டாயா, இல்லை நீயும் என்னைப்போல் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாயா?

வெட்கமாக இருக்கிறது. உத்தரத்தில் கறையான் ஏறியிருந்தால் கீழே நின்றே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அவள் நொண்டி நொண்டிக் காபித் தட்டு ஏந்தி வந்தது அந்தக் கண்ணில் படவே இல்லை.

கிளம்பிய கொத்தனாரை நானே ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வந்தேன். தூணுக்குப் பக்கத்து மூலையைச் சரோஜா காட்டினாள். தரையில் முதல் அடி விழுந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பெயர்ந்த கல்லை நானே அள்ளி வெளியே போட்டேன்.

இனி அவளாகக் கூப்பிடாமல் ஒருவரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டேன், மாப்ள. நான் மட்டும் போவேன். தூணைப் பார்க்க அல்ல, அவளைப் பார்க்க.

இத்தனை வருஷம் அவள் அண்ணே என்று கூப்பிட்டதற்கு இனிமேலாவது அண்ணனாக இருக்கப் பார்க்கும்,
உன் மச்சான்
கதிரேசன்