குளியல் உருண்டையும் செல்வியும்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

புருஷன் வீட்டிலிருந்து என்னிடம் வந்ததிலிருந்து தங்கை செல்வி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இன்று மதியம் அவளை என்கூட உட்காரவைத்து, சமையல் சோடா, சிட்ரிக் ஆசிட், தேங்காய் எண்ணெய் கலந்து, வெந்நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் குளியல் உருண்டை பிடித்தேன். மழை ஈரத்தில் பாதி உருண்டைகள் தட்டிலேயே பொங்கி உடைந்துவிட்டன. தேறிய ஒன்றை வெந்நீர் வாளியில் போட்டாள். அது புஸ்ஸென்று நுரைத்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நுரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் அங்க திரும்பிப் போகலக்கா."

"சரி, போவ வேணாம்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். தண்ணி ஆறிப்போறதுக்குள்ள நீ குளி."

அவளைச் சமாதானப்படுத்திப் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவைக்கத்தான் நெடுங்காட்டிலிருந்து அம்மா நாளைக் காலையில் வருகிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. செல்வி இன்றுதான் அசந்து தூங்குகிறாள்.