தட்டை என்றால் தட்டைதான்

என்னங்க,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. பிரஷர் மாத்திரை சமையலறை ஜன்னலில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்து மட்டும் வராதீர்கள்.

வேதியியல் விடைத்தாள் திருத்தும் அறையில், அத்தனை ஆசிரியர்கள் முன்னால், "விடைக்குறிப்புல இருக்கறத பாத்து மார்க் போடு. எனக்கே பாடம் எடுக்காத" என்றீர்கள். தலைமைத் தேர்வாளர் நீங்கள். குறிப்பும் நீங்கள் எழுதியது. அமைடு மூலக்கூறில் நைட்ரஜனைச் சுற்றி என்ன வடிவம் என்பது கேள்வி. நைட்ரஜனுக்கு மூன்று பிணைப்பு, ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை என்று விரல்விட்டு எண்ணி, பிரமிடு வடிவம் என்று போட்டுவிட்டீர்கள். பக்கத்தில் ஆக்சிஜனோடு நிற்கும் கார்பனை மறந்துவிட்டீர்கள். அந்த எலக்ட்ரான்களை அது தன் பக்கம் இழுப்பதால் நைட்ரஜனின் இனக்கலப்பே, அதாவது எலக்ட்ரான் அமைப்பே மாறி, அந்த இடம் தட்டையாகிவிடும். தட்டை என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன். அதை அடித்து சைபர் போடச் சொன்னீர்கள். பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"புருஷன் மானத்த வாங்கிட்டியேம்மா" என்று உங்கள் அக்கா போனில் அழுதார்கள். அழட்டும்.

இன்று காலை தேர்வு வாரியத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். ஆதாரம் வேண்டுமே என்று அலமாரியைக் குடைந்தேன். கல்யாணத்துக்கு முன்பு, இதே இடத்தில் நான் தப்புச் செய்தபோது, தட்டை என்று நீங்கள் எனக்கு வரைந்து காட்டிய நோட்டுப் பக்கம் கிடைத்தது. அதையே இணைத்துவிட்டேன். யார் கையெழுத்து என்று கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவள்