வார்டில் அடித்த மணி

போடிநாயக்கனூர்
9.8.2025

அன்புள்ள அனுப்பிரியா,

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் தபாலில் எழுதுகிறேன். மூன்று வருஷம் முன்பு உன் அப்பா எங்கள் வார்டில் ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் வந்து இறந்த அன்று, "நர்சுன்னு இருந்து என்னத்தப் பாத்த?" என்று போனில் கேட்டாய். அதோடு பேச்சு நின்றது.

இப்போது நீ செய்த மென்பொருள் அதே வார்டுக்கு வந்திருக்கிறது. நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் பதிந்தால், அந்தச் செப்சிஸ் முற்றும் முன்பே மணி அடிக்குமாம். பெருமையாக இருந்தது. ஒரு குறை: மாடியேறி வந்து மூச்சு வாங்குகிறவருக்கெல்லாம் அடிக்கிறது.

அன்புடன்,
பவதாரணி

சென்னை
16.8.2025

பவதாரணிக்கு,

நோயாளியைப் பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டுப் பதியுங்கள். அதன் பிறகும் அடித்தால் அலட்சியம் வேண்டாம். மற்றதைப் பற்றி எழுதாதீர்கள்.

அனுப்பிரியா

போடிநாயக்கனூர்
2.9.2025

அன்புள்ள அனு,

ஒரே பெஞ்சில் படித்தவளுக்கு 'பதியுங்கள்' என்று எழுதுகிறாய். இருக்கட்டும், சேதியைக் கேள்.

போடிமெட்டிலிருந்து சுருளியம்மாள் என்று ஓர் அக்கா ஜீப்பில் வந்தார். நாலு நாள் முன்பு ஏலத்தோட்டத்தில் களை வெட்டும்போது காலில் அரிவாள் பட்ட காயம். சிரித்த முகம். "ஒண்ணுமில்ல ஆத்தா, கட்டுப்போட்டு வெரசா அனுப்பு, சோலி கெடக்கு" என்றார். மணி அடித்தது. உட்கார வைத்துப் பார்த்தேன், மறுபடியும் அடித்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்; காயத்தின் வழியே செப்சிஸ் தொடங்கிவிட்டது என்றார். ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றினோம். சாயங்காலம் ரத்த அழுத்தம் பயப்படும் அளவுக்கு இறங்கியது. ஆனால் மருந்து முந்திக்கொண்டது. ஏழாம் நாள் நடந்தே போய் ஜீப்பில் ஏறினார்.

உன் வேலை ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பவதா

சென்னை
11.9.2025

என் பவதா,

இத்தனை நாள் திறக்கத் துணியாத அப்பாவின் கேஸ் ஷீட் நகலை நேற்றுத் திறந்தேன். அதிலிருந்த எண்களை என் மென்பொருளுக்குக் கொடுத்தேன். அன்று மதியம் மூன்று மணிக்குப் பதிந்த எண்களுக்குத்தான் அது அடித்தது. பன்னிரண்டரைக்கே உன் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பேச்சு குழறுகிறது. டாக்டர் ஆபரேஷனில், சொல்லி அனுப்பியுள்ளேன்.' ஒன்றேகாலுக்கு மறுபடியும்.

என் மென்பொருளுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் நீ பார்த்திருக்கிறாய். நான் அன்று கேட்டது அநியாயம்டி. மன்னித்துவிடு.

நர்சுகள் எழுதும் குறிப்பையும் சேர்த்துப் படிக்க அதற்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம். முடியும். அதற்கு உன் வார்டில் பத்து நாள் இருக்க வேண்டும். அடுத்த வாரம் ரயிலில் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்று உன் டூட்டி இரண்டு மணியோடு முடிந்திருக்கிறது. அப்பா போன இரவு ஏழு மணிக் குறிப்பிலும் உன் கையெழுத்துதான். அதை ஏன்டி என்னிடம் சொல்லவேயில்லை?

உன்,
அனு