ரத்தத்தில் பூசணம்

புரட்டாசி முதல் சனி, இரவு.

குறைமாசத்தில் பிறந்த பேத்தி இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். ரத்தத்தில் பூசணம் என்கிறார் டாக்டர். அது எப்படி என்றே மனசு கேட்டுக்கொண்டிருக்கிறது.

நர்ஸம்மாவைக் கேட்டேன். “உப்பு இருந்தா ஊறுகாயில பூசணம் வராது. ரத்தமும் உப்புதானே?”

சிரித்துவிட்டாள். “உங்க ஊறுகா அளவு உப்பு ரத்தத்துல ஏதுங்கம்மா? ஈரக் கை பட்டா ஜாடி கெடுதில்ல, அதுமாதிரி ஊசிக்குழாய் வழியாக்கூட உள்ள போயிடும். கையில இன்னாங்க அது?”

பெருமாள் கோயில் துளசித் தீர்த்தம். குழந்தை உதட்டில் தொட்டுவைக்கக் கொண்டுபோயிருந்தேன். நானே குடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இங்கே கிடைக்காத பூசண மருந்தைப் பாண்டிச்சேரியில் வாங்கிவிட்டாராம் மாப்பிள்ளை. இடஒதுக்கீட்டு மறியலில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், உளுந்தூர்பேட்டையில் நிற்கிறேன் என்று போன் செய்தார். மருந்து ஐஸிலேயே இருக்கணுமாம். பெருமாளே, வழி திறக்கிற வரைக்கும் அந்த ஐஸ் கரையாமல் பார்த்துக்கொள்.